ரெஸ்ட் எடுங்க அம்மணி!

போன வாரம் மறுபடியும் பெருந்துறை. மறுபடியும் அதே வகுப்பு - மேனேஜர்களுக்குத் தொழிலாளர் சட்டம்.

உங்களுக்குத்தான் தெரியுமே, என் பிழைப்பே இதுதான். கோயமுத்தூரில் காலையில் பஸ் பிடித்துப் போய், ஏதாவது ஒரு கம்பெனியின் ஏசி ரூமில் நின்றுகொண்டு, 'ஆட்களை இப்படி நடத்துங்கள், அப்படி நடத்தாதீர்கள்' என்று தொண்டை வற்றப் பேசுவது. முன்வரிசை தலையாட்டும். பின்வரிசை போனைப் பார்க்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு வரிசையும் தூங்கும். சலித்துவிட்டது. நிஜமாகவே சலித்துவிட்டது.

அன்றைக்கு வேலைநீக்கம் பற்றி ஆரம்பித்ததுமே கதிர்வேல் கையைத் தூக்கினார். வகுப்பு நடந்த பனியன் கம்பெனியில், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவுக்கு மேனேஜர். நல்ல மனிதர். காலையில் நான் உள்ளே நுழைந்ததும் 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்ட ஒரே ஆள்.

"மேடம், இந்தப் பாடம் நமக்கு வேண்டாமுங்க. நாங்க யாரையும் வேலைய உட்டு எடுக்கறதே இல்லீங்க."

"யாரையுமேவா? அப்ப ஆள் வேண்டாம்னா என்ன பண்ணுவீங்க?"

"ரெஸ்ட் எடுக்கச் சொல்லுவோமுங்க!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"இப்பப் பாருங்க... எங்க செக்கிங்ல சுமதின்னு ஒரு அம்மணி. மாசமா இருக்குது. நாள் பூரா நின்னுட்டே பாக்கற வேலைங்க. மனசு கேக்கலீங்க. 'ஒடம்பைப் பாத்துக்குங்க அம்மணி, ஊட்டுல இருந்து நல்லா ரெஸ்ட் எடுங்க, நாங்களே கூப்பிடறோம்'னு சொல்லி, ஆப்பிளெல்லாம் வாங்கிக் குடுத்து, கம்பெனி கார்லயே ஊடு வரைக்கும் கொண்டுபோய் உட்டுப்போட்டு வந்தோமுங்க."

ரூமில் கைதட்டல் வேறு!

"சரி... அந்தம்மா எடத்துல இப்ப யாரு?"

"வேற ஆள் போட்டாச்சுங்க."

"மகப்பேறு லீவு? அதுக்குச் சம்பளம்?"

"அவங்களாத்தானுங்களே போனாங்க!"

கவனித்தீர்களா? மற்ற ஊர்களில் 'வெளியே போ' என்பார்கள். கேட்டவருக்குக் கோபம் வரும், கேஸ் போடுவார். எங்கள் கொங்குப் பக்கம் 'ங்க' போட்டு, பழம் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்புவோம். போகிறவருக்குத் தன் வேலை போனதே தெரியாது. அனுப்பியவருக்கும் தான் அனுப்பியது தெரியாது. இதற்கு என்னிடம் ஸ்லைடே கிடையாது.

கர்ப்பமாக இருப்பதற்காக ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பக் கூடாது, லீவும் சம்பளமும் அவள் உரிமை, நீங்கள் செய்தது வேலைநீக்கம்தான் என்று பச்சையாகச் சொன்னேன். கதிர்வேலின் முகம் சுருங்கிவிட்டது.

"நல்லதுக்குத்தானுங்க செஞ்சேன்..."

"இருக்கட்டும். திரும்பக் கூப்பிடுவீங்களா?"

கதிர்வேல் நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு எரிச்சல் வந்ததோ! "அப்ப இப்பவே போன் போட்டு, 'உங்க எடத்துக்கு ஆள் எடுத்துட்டோம்'னு அவங்ககிட்டயே சொல்லிருங்க. பாவம், தெரிஞ்சுக்கட்டும்" என்று வெடித்தேன்.

ஒரு வேகத்தில் சொன்னதுதான். மனிதர் உண்மையிலேயே போனை எடுத்துவிட்டார். ஸ்பீக்கரிலும் போட்டார்.

முதல் மணியிலேயே எடுத்தாள் சுமதி. இவரை வாயே திறக்கவிடவில்லை.

"சார்! நாளைக்கே வந்துரட்டுங்களா? எப்பக் கூப்பிடுவீங்கன்னு போனைக் கையிலயே வெச்சுட்டு இருக்கறனுங்க. நல்லா ரெஸ்ட் எடுத்துட்டனுங்க சார்... போதுமுங்க."

பின்வரிசையில்கூட யாரும் போனைப் பார்க்கவில்லை.

கதிர்வேல் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பேசினார். "திங்கக்கெழமை வாங்க அம்மணி. சேர் போட்டுத் தாரேன், உக்காந்தே பாருங்க. அது உங்க வேலைதானுங்க. பிரசவத்துக்கு லீவு உண்டு, சம்பளமும் உண்டு. நாந்தான் சொல்லாம உட்டுப்போட்டேன்."

மறுமுனையில் அழுகைச் சத்தம். இத்தனை வருடத்தில் என் வகுப்பு ஒன்று உருப்படியாக முடிந்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் கம்பெனியின் ஹெச்.ஆர். தலைவர் வாசல்வரை வந்தார். வருடா வருடம் வகுப்பெடுக்க என்னைக் கூப்பிடுபவர் அவர்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"கிளாஸ் பிரமாதமுங்க மேடம். நீங்களும் பாவம், எத்தனை ஊருக்குத்தான் அலைவீங்க! கொஞ்ச நாள் ஊட்டுல நல்லா ரெஸ்ட் எடுங்க. தேவைன்னா நாங்களே கூப்பிடறோமுங்க."

கையில் ஒரு பையையும் கொடுத்தார். கனமாக இருந்தது. திறந்து பார்த்தேன் - ஆப்பிள்.

காலையில் பஸ்ஸில் போனவளை, கம்பெனி காரிலேயே வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள்!