கறார் அக்கா சொன்ன காரணம்

பள்ளிக்கூடப் பை தைக்கும் அந்தப் பட்டறையில், துணி வெட்டும் பிரிவு முழுக்கக் கறார் அக்காவின் பொறுப்பு. அவர் வாயிலிருந்து முடிவு மட்டும்தான் வரும். காரணம் கேட்டுவிட்டால் போச்சு, மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "சொன்னா செய்யுங்களேன், என்ன நொய் நொய்னு!" பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாகவும் இருக்கும். அதுதான் வம்பே!

சில மாதங்களாகப் பைகளின் தோள்வார் பிய்ந்துகொண்டு வந்தது. பழி முழுக்க, வார் தைக்கும் ஒல்லிப்பெண்ணின் தலையில் விழுந்தது. "வாரைக் கடைசியில தைக்காதீங்க, முதல்லயே தைங்க" என்று அக்கா முதலாளியிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "பார்க்கலாம்மா" என்று அவர் நழுவினார். இப்போது அந்தப் பெண்ணையே வேலையை விட்டு நிறுத்தப்போகிறார்களாம்.

அக்கா வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவர் சிரித்தார்.

"நீ சொன்னா நான் கேப்பேன், உன்னைக் கட்டிக்கிட்டேன். முதலாளி என்ன உன்னைக் கட்டிக்கிட்டாரா? ஏன்னு சொன்னாத்தானே அவருக்குப் புரியும்?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனுஷன் சொன்னதில் தப்பில்லை.

மறுநாள் காலைக் கூட்டத்தில், தைத்து முடித்த பை ஒன்றோடு நிமிர்ந்து எழுந்து, அதை முதலாளியிடம் நீட்டினார்.

"இதுக்குள்ள கைய விட்டு வாரோட மடிப்பைப் பிடிங்க சார். கண்ணுக்குத் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலையே!"

"அந்தப் பொண்ணுக்கும் தெரியாது. பையை மூடினப்புறம் தைக்கறதால மடிப்பு ஊசிக்குத் தப்பிடுது, அதான் பிய்யுது. துணி தட்டையா இருக்கறப்பவே தைச்சா தப்பாது. தப்பு அவ கையில இல்ல சார், நாம தைக்கற வரிசையில."

ஜிப் தைக்கும் மேஸ்திரி கையைத் தூக்கினார். "முதல்லயே வாரைத் தைச்சா, ஜிப் தைக்கறப்ப மெஷின்ல மாட்டுமே அக்கா?"

அட, இதை அக்கா யோசிக்கவே இல்லை! பழைய அக்காவென்றால் எகிறியிருப்பார். அதற்குள் மேஸ்திரியே தொடர்ந்தார். "துணி தட்டையா இருக்கணும், அவ்வளவுதானே? அப்ப ஜிப் முடிஞ்சதும் வார், கடைசியா பையை மூடலாம்."

"அதான் சரி!" என்றார் அக்கா, மனசாரவே.

முதலாளி பையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "சரி, இப்படியே தைங்க. அந்தப் பொண்ணும் இருக்கட்டும்."

கூட்டம் கலைந்ததும் ஒல்லிப்பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் ஈரம்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா? நான் இத்தனை நாள் தூங்கவே இல்ல."

"சொன்னேன்டி" என்றார் அக்கா. "ஏன்னு மட்டும் சொல்லல."