ஸ்லீவா பைபாஸா என்று ஒன்றரை வருஷம்

டாக்டர் மேஜையில் கிடந்த ஒரு தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் இரண்டு இரைப்பைகளை வரைந்தார். நானும் அண்ணனும் எதிரே உட்கார்ந்திருந்தோம். கைப்பிடி வைத்த நாற்காலிக்குள் எங்கள் உடம்பு நுழையாது என்பதைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டு, நர்ஸ் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டிருந்தார். அன்று காலை எடையில் அண்ணன் நூற்று நாற்பத்தாறு கிலோ. நான் நூற்றுப் பதினெட்டு.

அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தார். செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. நான் ரயில்வே ஜங்ஷனில் ரிசர்வேஷன் கவுண்டரில் இருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃபிளாட்டில் தனியாக வாசம். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய் தகவல் சொல்லாமலே இருந்ததில், ஒரு வயதுக்கு மேல் அந்தப் பேச்சை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அப்பா அம்மா போன பிறகு எனக்கு அண்ணனும் அண்ணியும்தான். அவர்களுக்கும் குழந்தை இல்லை.

எடை குறைக்கிற ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு, ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கிளப்பியது அண்ணிதான். அண்ணனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. அண்ணி பக்கத்தில் படுத்தபடி எண்ணிக்கொண்டே இருப்பார். நேரம் கூடினால் உலுக்கி எழுப்புவார். எனக்கு முட்டி தேய்ந்திருந்தது, பதினோரு வருஷமாகச் சர்க்கரை, மாத்திரையோடு இன்சுலின் ஊசியும்.

"இது ஸ்லீவ். இரைப்பைல முக்கால்வாசியை வெட்டி வெளிய எடுத்துடுவோம். மிச்சம் ஒரு வாழைக்காய் மாதிரி நிக்கும். எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது" என்றார் டாக்டர். "இது பைபாஸ். எதையும் வெளிய எடுக்கறதில்ல. மேல சின்னதா ஒரு பை பிரிச்சு, குடலைத் தூக்கி அதோட சேர்த்துடுவோம். சர்க்கரைக்கு இது நல்லது. ஆனா ஆயுசுக்கும் சத்து மாத்திரை போடணும்."

"ரெண்டுல எது சார் நல்லது?" என்றார் அண்ணன்.

"யாருக்கு நல்லதுன்னு கேளுங்க. டெஸ்ட் எடுத்துட்டுச் சொல்றேன்."

எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள். அண்ணனுக்கு நெஞ்செரிச்சல் பழைய சிநேகிதம். அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருந்தது. ஸ்லீவ் செய்தால் அது இன்னும் மோசமாகும், உங்களுக்கு பைபாஸ்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு இரண்டும் செய்யலாம், சர்க்கரை இருப்பதால் பைபாஸ் பக்கம்தான் தன் யோசனை என்றார். எனக்கோ குடலை மாற்றி வைப்பதை நினைத்தாலே வேண்டாம் என்றிருந்தது. ஸ்லீவ் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். ஆபரேஷன் வரைக்கும் தினமும் போட்டுக்கொண்டு தூங்கச் சொல்லி அண்ணனுக்கு மூச்சு மெஷினும் முகமூடியும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அண்ணன் என் தோளைத் தட்டினார். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல பண்ணிக்குவோம் பாப்பா. பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அண்ணி ஒரே ஃபிளாஸ்க்ல கஞ்சி கொண்டாந்துடுவா."

அப்படிச் சொன்னவர்தான் ஒன்றரை வருஷம் யோசித்தார்.

தொழிற்சாலையில் அளக்காமல் கையெழுத்துப் போடாதவர் இதில் மட்டும் எப்படிப் போடுவார்? கோடு போட்ட ஒரு நோட்டு வாங்கி, பக்கத்தை நடுவில் பிரித்து, இந்தப் பக்கம் ஸ்லீவ், அந்தப் பக்கம் பைபாஸ் என்று எழுதினார். யூடியூபில் பார்த்ததை எல்லாம் குறித்தார். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யார் யார் என்று விசாரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்.

காந்தி மார்க்கெட்டில் ஒரு வாழைக்காய் மண்டிக்காரர் ஸ்லீவ் செய்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். "எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா படுத்தா புளிச்சுப் புளிச்சு மேல வருது. ரெண்டு வருஷமா சாஞ்சு உக்காந்துதான் தூங்கறேன்" என்றார். சரி, பைபாஸ்தான் என்று அண்ணன் நோட்டில் எழுதினார். அடுத்த மாதம் பைபாஸ் செய்த ஒரு டீச்சரம்மா வீட்டுக்குப் போனோம். தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்ததையும், மாத்திரையைச் சில மாதம் விட்டதில் கால் மரத்துப்போனதையும் அவர் சொன்னார். அண்ணன் அதை அடித்துவிட்டு ஸ்லீவ் என்று எழுதினார். பிறகு வாய் வழியாகவே இரைப்பைக்குள் விட்டு ஊதிவிடும் பலூன் இருக்கிறதாம் என்றார். அது ஆறு மாதத்தில் எடுத்துவிடுவது, உங்கள் எடைக்குப் போதாது என்று டாக்டர் போனில் சொல்ல, அதுவும் போயிற்று.

ஒவ்வொரு விசாரணையும் முடிந்ததும் ஹோட்டலுக்குப் போவோம். "இனிமே இதெல்லாம் சாப்பிட முடியாது, கடைசியா ஒரு தடவை" என்பார் அண்ணன். நெய் ரோஸ்ட், அப்புறம் பூரி, அப்புறம் இரண்டு பேருக்கும் பாதாம் அல்வா. அந்தக் கடைசித் தடவை எத்தனை தடவை வந்தது என்று எனக்குக் கணக்கில்லை. நான் முடிவு செய்து வைத்திருந்தேன். வா அண்ணே, போய்ப் படுத்துடலாம் என்று இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. எனக்கும் பயம். அதோடு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன. வாரத்தில் ஒரு நாள் எதிரே உட்கார்ந்து ஒருவர் என்னோடு சாப்பிட்டார். யாருக்கும் ஒளிக்காமல், வெட்கப்படாமல் நான் சாப்பிட்டது அவர் முன்னால் மட்டும்தான்.

இரண்டு தடவை தேதி குறித்தார்கள். முதல் தடவை ஆடி மாசம் வேண்டாம் என்றார். இரண்டாவது தடவை, ஆபரேஷனுக்கு முன்னால் கல்லீரல் சுருங்குவதற்காகக் கொடுத்த வெறும் கஞ்சியும் மோருமான சாப்பாட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் எனக்குப் போன் செய்தார்.

"பாப்பா, இன்னொரு டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருவோமா?"

"கேளேன்" என்றேன்.

முகமூடியையும் அவர் தொடர்ந்து போடவில்லை. மூஞ்சியை யாரோ அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்று மூன்றாம் நாளே கழற்றி வைத்துவிட்டார்.

ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அண்ணி போன் செய்தார். அழவில்லை. "கண்ணசந்துட்டேம்மா. எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். கண்ணசந்துட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது பாலத்தில் எல்லோரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஐஸ் பெட்டிக்குள் அண்ணன் கொள்ளவில்லை. மூடி இறங்காமல் தோளில் நின்றது. வேறு பெட்டி கொண்டு வருகிறேன் என்று போன ஆள் திரும்பி வரும்வரை அவரைத் தரையில் பாயில் கிடத்தி, சுற்றி ஐஸ் கட்டிகளை வைத்தோம். மாடியிலிருந்து இறக்க எட்டுப் பேர் பிடித்தார்கள். படித் திருப்பத்தில் ஒருவர், "மெல்ல, மெல்ல, ஆளு கனம்" என்றார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அங்கே நின்றிருந்த ஒவ்வொருவரும் அடுத்து என்னைத்தான் பார்த்தார்கள்.

காரியம் முடிந்த பிறகு அண்ணி அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். பின்பக்கத்திலிருந்து திருப்பி எனக்காகவும் சில பக்கம் எழுதியிருந்தார் அண்ணன். என் சர்க்கரை அளவு, என் மாத்திரைகள், நான் டாக்டரிடம் கேட்க மறந்த கேள்விகள். கடைசியில், "பாப்பாவுக்கு பைபாஸ். சந்தேகம் இல்லை" என்று எழுதி, ஆபீஸில் போடுகிற மாதிரியே கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். அவருடைய பக்கங்களில் அப்படி ஒரு வரி எங்கும் இல்லை.

அடுத்த மாதம் டாக்டரைப் பார்த்தேன். "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்றார். "பைபாஸ்" என்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சர்க்கரைக்கு நல்லது என்பதற்காகச் சொன்னேனா, அண்ணன் எழுதியதற்காகவா, அவருக்குச் செய்ய வேண்டியது யாருக்காவது நடக்கட்டும் என்றா, எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

சம்மதப் படிவத்தில் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். உறவுமுறை என்ற இடத்தில் 'அண்ணன் மனைவி' என்று எழுதிவிட்டு அண்ணி பேனாவை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். "இதே மாதிரி ஒரு தாள்ல அவங்களுக்குப் போட்டிருக்கணும்மா" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. பத்து மாதத்தில் முப்பத்தெட்டு கிலோ குறைந்தேன். இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். முடி கொட்டியது. ஒரு இட்லி சாப்பிட அரை மணி நேரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கும் போவதில்லை. கவுண்டரில், "மேடம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்கள். கண்ணாடியில் என் கழுத்தைப் பார்த்தால் அம்மாவின் கழுத்து போலிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது.

அண்ணனின் முதல் வருஷத் திதிக்குப் போயிருந்தேன். படையல் போட்ட பிறகு அண்ணி இலையில் ஒரு கரண்டி பாயசம் விட்டார். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. நாலு வாய் சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் வேர்த்து, கண் இருட்டியது. இனிப்பு குடலுக்குள் சட்டென்று இறங்கினால் இப்படி வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அண்ணனின் கட்டிலிலேயே என்னைப் படுக்க வைத்து, அண்ணி ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எப்பவும் இப்படி ஆகுமா?"

"இனிப்பு சாப்பிட்டா ஆகும் அண்ணி. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

"அவங்க பண்ணிக்கிட்டிருந்தா அவங்களுக்கும் இப்படித்தான் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

அண்ணி துண்டைப் பிழிந்து மறுபடி என் நெற்றியில் வைத்தார்.

"வந்தா வந்துட்டுப் போவுது. தொடச்சு விட்டுட்டு உக்காந்திருப்பேன்" என்றார்.