பெட்டிக்குப் போர்த்திய துணி

எங்கள் அலுவலகத்தின் கணினி சேர்வர் அறைக்கு நான் பொறுப்பாளன். அங்கே உதவியாளராக இருந்தவர் என் தங்கையின் கணவர். கட்டாரில் ஆறு வருடம் வெயிலில் காய்ந்து திரும்பியவர். "இனி அந்தப் பக்கம் தலவெச்சும் படுக்கமாட்டன் மச்சான்" என்பார். அந்த வேலையை நான்தான் கெஞ்சி எடுத்துக்கொடுத்தேன்.

பிளேட் சேர்வர் பெட்டி வந்த நாளில் அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரே பெட்டிக்குள் பதினாறு சேர்வர்களைச் செருகலாம். அத்தனைக்கும் பொதுவாக ஆறு பவர் சப்ளைகள். மூன்று ஒரு மின்சார லைனில், மூன்று மற்ற லைனில். ஒரு லைன் போனால் மற்றது தாங்கும். பின்னால் பத்து விசிறிகள், முன்பக்கத்துக் குளிர்காற்றை இழுத்துச் சூட்டைப் பின்னால் தள்ளும். எங்களிடம் எட்டு சேர்வர்கள்தான் இருந்தன. மீதி எட்டு இடங்களின் வாயையும் வெறும் மூடி போட்டு அடைத்தேன்.

"இதென்னத்துக்கு மச்சான் மூடுறீங்க?"

காரணம் இருந்தது. வெற்றிடம் திறந்து கிடந்தால், காற்று சேர்வர்களுக்குள் போகாமல் அந்தக் குறுக்குவழியில் ஓடிவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. எனக்கு எப்போதுமே பொறுமை குறைவு. "திறந்து கிடந்தா இதுக்குக் கூடாது, அவ்வளவுதான்" என்றேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு அறையைப் பூட்டியவர் அவர். நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. உப்புக்காற்றுக்குப் பயந்து டீவிக்கும் தையல் மெஷினுக்கும் துணி போர்த்தாத வீடு எங்கள் ஊரில் ஏது? மருதமுனைத் தறித்துணி ஒன்றைப் புதிதாக வாங்கிவந்து, பெட்டியை முன்னும் பின்னும் வடிவாகப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறார். காற்றில்லாத விசிறிகள் இன்னும் வேகமாகச் சுற்றியிருக்கும். அந்த வேகத்துக்கு மின்சாரமும் கூடத் தேவை. பவர் சப்ளைகளும் கொதித்திருக்கும். லைன் இரண்டு இருந்து என்ன பயன்? நாங்கள் திரும்பி வந்தபோது பெட்டி செத்துக் கிடந்தது.

அறிக்கை எழுதியது நான். உதவியாளர் துணியால் மூடியதே காரணம் என்று எழுதினேன். நான் அவரிடம் சொன்னதை எழுதவில்லை. பயந்துவிட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவருடைய வேலை போயிற்று.

விசாரணையில் அவரும் வாய் திறக்கவில்லை. "உங்கட வேலயும் போனா ரெண்டு வீட்டயும் ஆரு பாக்கிற?" என்று என்னிடம் மட்டும் கேட்டார். இரண்டு மாதத்தில் மறுபடி கட்டாருக்குப் போனார்.

அடுத்த கோடையில், கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் மேல்தட்டில் வெயிலுக்கு மயங்கி விழுந்தவர் எழும்பவேயில்லை. அங்கேயே அடக்கினார்கள். ஒரு பிடி மண் போடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கணவனை இழந்தவள் வீட்டோடு துக்கம் காக்கும் இத்தாவில் இருந்த தங்கையைப் பார்க்கப் போனேன். வேலை போன அன்று அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அந்தத் துணியைத் துவைத்து மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"காக்கா" என்று அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மூடப்படாதெண்டு அவருக்கு ஆரும் சொல்லல்லியா?"

"இல்ல புள்ள" என்றேன். "ஆரும் சொல்லல்ல."