அப்பா காபி போடக் கற்றுக்கொண்ட கதை

யாராவது என்னை வீட்டுக்கு அழைத்து, காபிக்கொட்டையைத் தராசில் நிறுத்து, வெந்நீருக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்து, "குடிச்சுட்டு சொல்லுங்க" என்று எதிரே உட்கார்ந்தால் நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன். அடையாறில் இப்போது பாதிப் பேர் இப்படி ஆகிவிட்டார்கள். நல்ல காபி என்னவெல்லாம் செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் ஒன்பது வயதிலேயே பார்த்துவிட்டேன்.

அப்போது மேற்கு மாம்பலத்தில் இருந்தோம். அம்மா போடும் காபி அப்பாவுக்குப் பிடிக்காது. அதைச் சொல்ல தினமும் ஒரு புது உவமை கண்டுபிடிப்பார். கழனித் தண்ணி, கூவம், சுண்ணாம்பு அடித்த பிரஷ்ஷை அலசிய வாளி. எங்கள் வீட்டில் இலக்கியம் என்று இருந்தது அதுதான். எனக்கு எழுத்து வந்ததும் அந்த வழியாகத்தான் இருக்க வேண்டும்; படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்தார்கள். அன்றைக்கு உவமை எதுவும் சிக்கவில்லை போலிருக்கிறது. அப்பா எழுந்து போய், காபியை அப்படியே வாஷ்பேசினில் கொட்டிவிட்டு வந்து சிரித்தார். நண்பர்களும் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு அம்மா எல்லா டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்தாள். சாயங்காலம் ஒரு பையோடு மயிலாப்பூருக்கு, மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்குப் பரீட்சை நேரம் என்பதால் என்னை விட்டுவிட்டுப் போனாள்.

அப்பா தீவிரமாக யோசித்தார். கோளாறு காபியில்தான் என்ற முடிவுக்கு வந்தார்.

தீப்பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாத மனிதர் அடுப்படிக்குள் நுழைந்தார். முதல் தடவை பொடியை ஃபில்டரில் போட்டு அழுத்தோ அழுத்தென்று அழுத்தியதில் மத்தியானம் வரை ஒரு சொட்டு இறங்கவில்லை. ஏப்பம் வராத குழந்தையைத் தட்டுவது போல ஃபில்டரின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். அடுத்த தடவை அழுத்தாமல் விட்டதில், ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்திலேயே கீழே வந்துவிட்டது. ருசி பார்க்கும் அதிகாரி நான்தான். ராத்திரியில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. குழந்தை எப்படிக் கண் முழித்துப் படிக்கிறது பார் என்று பக்கத்து வீட்டில் மெச்சினார்கள்.

அப்பா விடவில்லை. சிக்கரியைக் குறைத்தார். தி. நகரில் கொட்டையைக் கண்ணெதிரே அரைக்கச் சொல்லி, பொட்டலத்தின் சூடு ஆறுவதற்குள் வீட்டுக்கு ஓடிவந்தார். பாலை இரண்டாம் முறை காய்ச்சக் கூடாது என்று கண்டுகொண்டார். 'மன்னிச்சுடு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு அதைவிட டிகாக்‌ஷன் இறக்குவது சுலபம்.

ஒரு நாள் காலை ஒரு வாய் குடித்துவிட்டுச் சும்மா நின்றார். உவமையே வரவில்லை. வந்துவிட்டது காபி என்று எனக்குப் புரிந்தது.

அடுத்து வந்த ஞாயிறு டிகாக்‌ஷனை பிளாஸ்க்கில் ஊற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டே மயிலாப்பூர் போனோம். மாமா கதவைத் திறந்தார்.

"வாங்க மச்சான். பிளாஸ்க்கும் கையுமா வந்திருக்கீங்க? இங்க யாரும் ஆஸ்பத்திரியில இல்லையே?"

"பால் இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அப்பா நேராக அடுப்படிக்குப் போனார். அம்மா கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவரே அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்கி வரும்போது இறக்கினார். கலந்து, நுரை வர ஆற்றி, டபராவோடு அவளிடம் நீட்டினார். நீட்டிய வேகத்தில் கொஞ்சம் டபராவில் சிந்தியது.

"குடிச்சுப் பாரும்மா, சூப்பரா இருக்கும்!" என்றேன் நான்.

அம்மா அவசரப்படாமல், சிந்தியதையும் டம்ளரில் விட்டுக்கொண்டு, கடைசி வாய் வரை குடித்தாள்.

"நல்லாருக்குங்க. நெஜமாவே நல்லாருக்கு. நான் போட்டதெல்லாம் இதுகிட்ட நிக்காது."

அப்பாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "அப்ப, கிளம்பறியா?"

"எதுக்குங்க? அதான் நீங்களே இவ்ளோ நல்லா போட்டுக்கறீங்களே."

குரலில் கோபம் துளிகூட இல்லை. பிளாஸ்க்கைக் கழுவித் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். என் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னிவிட்டு, "லீவு விட்டதும் இங்க வந்துடு பாப்பா" என்றாள்.

பஸ்ஸில் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். நல்லாருக்கு என்று இரண்டு தடவை சொன்னாளே, எண்ணினீங்களா என்று கேட்டேன். அப்பா காலி பிளாஸ்க்கை இப்போதும் மடியில் கட்டிப்பிடித்திருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, அம்மா வந்து வாசலில் நிற்கக் கூடாதே என்று, வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொன்னேன். அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். சாயங்காலம் நானே போய்த் திரும்ப வாங்கிவந்தேன். பரீட்சை முடியும் வரை தினமும் அப்படியே நடந்தது. அம்மா ஏன் இன்னும் வரவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை. காபி நன்றாகத்தானே இருந்தது.