செல்லம் மாஸ்ரர்

இமெல்டா அக்கா மன்னார் பேசாலைக்காரி. எண்பத்தைந்தில் ஜெர்மனிக்கு அகதியாக வந்து, கெல்சென்கிர்ச்சனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பிள்ளைகள் இல்லத்தில் அயன்பெட்டியால் துணி மினுக்கும் அறையில் வேலைக்குச் சேர்ந்தவர். யாரென்றாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். தலைமைச் சிஸ்டருக்கே அவரிடம் கொஞ்சம் பயம். அதே அறையில் நானும் வேலை செய்தேன். மூன்றாவது ஆள் மேகன், வேல்ஸ் நாட்டுக்காரி. நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்து, இங்கேயும் ஒரு சுரங்கத் தொழிலாளியையே கட்டியவள். கரியிலிருந்து தனக்கு விடுதலையே இல்லை என்று சிரிப்பாள்.

தொண்ணூற்றுமூன்று பங்குனியில் ஒருநாள் சிஸ்டர் மேலே ஓடிவந்து அக்காவைக் கூப்பிட்டார். நாலு வயதுத் தமிழ்ப் பிள்ளை ஒன்று. காசு வாங்கித் தாயென்று சொல்லி விமானத்தில் கூட்டிவந்த ஏஜென்சிக்காரி, பிராங்க்ஃபர்ட் விமான நிலையக் கழிப்பறை வாசலில் விட்டுவிட்டு நழுவிவிட்டாளாம். அக்காதான் மொழிபெயர்த்தார். நானும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பேர் என்னம்மா?"

"செல்லம்."

"அப்பான்ர பேர்?"

"மாஸ்ரர்."

செல்லம் என்ற பெயரில் ஊரில் எனக்கே பத்துக் கிழவிகளைத் தெரியும். தகப்பன் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்க வேண்டும். ஊரே மாஸ்ரர் என்று கூப்பிட்டால் பிள்ளை வேறென்ன சொல்லும்? அக்காவுக்கு அது விளங்காமலில்லை. ஆனால் பிள்ளையைப் பதிய வந்திருந்த பிள்ளைகள் நல அலுவலக அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார், பிள்ளை அழத் தொடங்கிவிட்டது. பிறகு திருத்தலாம் என்று எண்ணி, பெயர் செல்லம், குடும்பப்பெயர் மாஸ்ரர் என்று படிவத்தில் எழுதினார். பிறகு ஒருவரும் திருத்தவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. பிள்ளையின் தமிழ் தேய்ந்தது. பிள்ளையில்லாத ஒரு ஜெர்மன் தம்பதி ஞாயிறுதோறும் வந்து அவளை வெளியே கூட்டிப்போனார்கள். பெற்றவர்களைக் கண்டுபிடிக்க முடியாததால் தத்துக்கொடுக்கத் தீர்மானமாகி, தொண்ணூற்றாறு மாசியில் நீதிமன்றத் திகதியும் குறித்தாயிற்று. நாங்கள் சந்தோசப்பட்டோம்.

தொண்ணூற்றைந்து ஆவணியில்தான் மேகன் அந்தக் கதையைச் சொன்னாள். அவளுக்குத் தன் ஊர் அரசிகள் என்றால் பைத்தியம். மினுக்கும் நேரமெல்லாம் அவர்கள்தான் எங்களுக்குத் துணை. எதிரிகள் கோட்டைக்குள் புகுந்தபோது கணவனைக் கழிப்பறைக் குழிவழியாகத் தப்பவைத்த நெஸ்ட் இளவரசியை நினைத்து அக்கா ஒரு கிழமை சிரித்தார். கணவன் உதவி தேடிப் போயிருந்த நேரம் தானே படை நடத்திப்போய்த் தலை கொடுத்தவள் குவென்லியன். அன்றைக்கு மேகன் சொன்னது அதே பெயருடைய இன்னொருத்தியின் கதை.

வேல்ஸின் கடைசி இளவரசனுடைய ஒரே பிள்ளை அவள். தாய் பிள்ளைப்பேற்றில் செத்தாள். ஆறு மாதத்தில் தகப்பன் சண்டையில் செத்தான். இங்கிலாந்து அரசன் அந்தக் கைக்குழந்தையைக் கொல்லவில்லை. வம்சம் தழைக்கக்கூடாது என்று தூரத்து மடமொன்றில் வைத்துவிட்டான். ஐம்பத்துநாலு வருடம் அங்கேதான் இருந்து செத்தாள்.

"மடத்தில் ஒருவருக்கும் அவளுடைய பெயர் வாயில் வரவில்லை. ஒவ்வொரு கடதாசியிலும் ஒவ்வொரு விதமாக எழுதினார்கள். அதைச் சரியாக உச்சரிக்க அவளுக்கே சொல்லிக்கொடுக்க ஆளில்லை. யாராவது தேடி வந்திருந்தாலும், அப்படியொருத்தி இங்கே இல்லை என்றுதான் பதில் கிடைத்திருக்கும்" என்றாள் மேகன், போர்வையை மடித்தபடி.

காலை பதினொரு மணிக்கு அக்கா அயன்பெட்டியின் வயரைக் கழற்றினார். வேலை முடிய இன்னும் ஐந்து மணித்தியாலம் இருந்தது.

"பிறேமா, செல்லம் எண்டு எந்தத் தாய்தான் பிள்ளையைக் கூப்பிடமாட்டாள்?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். "அவள் தேடினா எந்தப் பேரில தேடுவாள்? நான் எழுதின பேரிலயோ? நான் அலுவலகத்தில போய்ச் சொல்லப்போறன்."

போக விடாமல் நான் அவரின் கையைப் பிடித்தேன். அக்காவின் வதிவிட அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், அப்போது வெளிநாட்டவர் அலுவலகத்தில் கிடந்தது, முடிவு மார்கழியில்.

"உங்களுக்கென்ன விசரே அக்கா? பிழையாய் மொழிபெயர்த்தனான் எண்டு போய் நிண்டா உங்களையும் உங்கட பிள்ளையளையும் ஊருக்கு ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள். மார்கழி முடியுமட்டும் வாயைத் திறக்காதையுங்கோ. கோட்டுத் திகதி மாசியிலதானே?"

யார் சொல்லும் கேளாத மனுசி என் சொல்லைக் கேட்டார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. வெட்கக்கேடு.

புரட்டாதி போயிற்று. ஐப்பசியில் ஊர்ச் செய்தி கறுக்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தை நோக்கி ஆமி வெளிக்கிட்டுவிட்டது. கிழமைக்குக் கிழமை வானொலியில் சொன்ன ஊர்ப்பெயர்கள் நகரத்துக்குக் கிட்டக் கிட்ட வந்தன. படியில் அந்தப் பிள்ளை எதிர்ப்பட்டால் அக்கா சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார், முகம் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி முழுவதும் வீடு வாசலை விட்டு மழையில் நடந்தது என்று கேள்விப்பட்டோம். லட்சக்கணக்கான சனம்.

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் கேட்கவில்லை. டெர்மீன் எடுக்காமலே, முன்கூட்டி நேரம் கேட்காமலே, பிள்ளைகள் நல அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஒருவரும் அவரை ஏற்றி அனுப்பவில்லை, ஏசவுமில்லை. என் பயம் முழுக்க நானே கட்டிய கதை.

அதிகாரி, பிள்ளைகளைத் தேடுவோர் எழுதிய கடிதக் கட்டைப் பிரித்தார். உள்ளே ஒரு தாயின் கடிதம் கிடந்தது, வலிகாமத்துக் கோண்டாவிலிலிருந்து. காலமான ஆசிரியர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் மகள் தக்சாயினியைத் தேடுகிறாள். படமும் வைத்திருந்தாள். எங்கள் பிள்ளைதான். அப்படியொரு பிள்ளை இங்கே இல்லை என்று பதில் போயிருந்தது. அதன்கீழே இரண்டாவது கடிதம், ஆவணித் திகதியோடு: இன்னும் இதே விலாசத்தில்தான் இருக்கிறேன், தயவுசெய்து திரும்பப் பாருங்கள்.

உடனே கோண்டாவிலுக்கு எழுதினார்கள். அங்கே வாங்க ஆளில்லை. நீதிமன்றம் ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தது. தொண்ணூற்றேழில் தத்து உறுதியாகி, அந்தத் தம்பதி பிள்ளையோடு எர்லாங்கனுக்குக் குடிபெயர்ந்தார்கள். நல்ல மனிதர்கள். அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

அடுத்த வருடம் ஆனியில் அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள், ஒரு கடிதத்தை மொழிபெயர்த்துச் சொல்ல. துணைக்கு நானும் போனேன். வவுனியா அகதிமுகாமிலிருந்து தாய் எழுதியிருந்தாள். அலுவலகம் கோண்டாவிலுக்கு எழுதிய கடிதம் எத்தனையோ கை மாறி அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"பிள்ளை இருக்கிறாள் எண்டு அறிஞ்சு கும்பிட்டன். தமிழ் மறந்திருப்பாள், பறவாயில்லை, நான் சொல்லிக் குடுப்பன். எப்ப அனுப்புவியள்?"

அக்கா ஒரு சொல் விடாமல் ஜெர்மன் மொழியில் சொன்னார். இனி மாற்ற ஏலாது என்றார் அதிகாரி. வளர்ப்புப் பெற்றோர் சம்மதித்தால் வருடத்துக்கு ஒரு படம் அனுப்பலாமாம்.

பதிலை அக்கா தன் வீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதினார். நான் வாங்கிப் படித்தேன். பேரைப் பிழையாய் எழுதினது நான், அது பிழை எண்டு தெரிஞ்ச பிறகும் மூண்டு மாதம் பேசாமல் இருந்ததும் நான், என்ர பேர் இமெல்டா, உங்களிட்ட மன்னிப்புக் கேக்கவும் எனக்கு முகமில்லை என்று எழுதியிருந்தது.

"அந்த மூண்டு மாதமும் நான் சொல்லித்தானே அக்கா?"

"நீ சொன்னாய். கேட்டது நானெல்லோ."

என் பெயரையும் எழுதுங்கோ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முத்திரையை மட்டும் நான் ஒட்டிக் கொடுத்தேன்.