இடப்பக்க இருக்கை

பழைய காரை விட்டுவிடலாம் என்று முதலில் சொன்னது நானில்லை, மத்திகிரி மெக்கானிக். அடர் நீலக் கார் அது. நான்கு கதவு, ஆறு கியர், மிதித்தால் முதுகை இருக்கையோடு சேர்த்து அழுத்துகிற எஞ்சின். பெங்களூரில் ஒரு டாக்டர் வைத்திருந்ததை செகண்ட் ஹேண்டில் வாங்கி, கர்நாடக எண்ணை எடுத்துத் தமிழ்நாட்டு எண் போடுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அப்படிப் பாடுபட்டு வாங்கிய கார், கடைசி இரண்டு வருடம் என்னைப் படுத்தாத பாடு இல்லை.

"அக்கா, டர்போ போயிருச்சு. கிளட்சும் போவுது. ஒண்ண மாத்துனா இன்னொண்ணு பல்ல இளிக்குது. பார்ட்டு வர ஒரு மாசம் ஆவுது. இத வெச்சிக்கினு இன்னும் மாரடிக்காதீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்களுக்கு வேலை தெரியலைன்னு சொல்லுங்க, வண்டியைக் குறை சொல்லாதீங்க என்று பொரிந்து தள்ளிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன். ஒரு காருக்காக அழுவாளா ஒருத்தி என்று கேட்கலாம். அந்தக் காருக்குள் எங்களுக்கு என்ன இருந்தது என்று சொன்னால்தான் அது புரியும்.

நானும் என் கணவரும் ஓசூரில் இரண்டு வேறு தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறோம். நான் கியர் செய்கிற இடத்தில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். அவர் இன்னோர் இடத்தில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அவருக்கு எப்போதும் முதல் ஷிப்ட். எனக்கு ஒரு வாரம் முதல் ஷிப்ட், அடுத்த வாரம் இரண்டாம் ஷிப்ட். அந்த இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் அவர் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன், நான் திரும்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். நடுவில் ஒரே ஒரு இடைவெளிதான். மதியம் இரண்டு மணிக்கு அவருக்கு ஷிப்ட் முடியும், மூன்று மணிக்கு எனக்குத் தொடங்கும். நான் காரை எடுத்துக்கொண்டு அவர் கம்பெனி கேட்டுக்குப் போவேன். அவரை ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கிவிட்டு என் கேட்டுக்குப் போவேன். அந்த இருபத்தைந்து நிமிடம்தான் அந்த வாரம் முழுக்க எங்கள் குடும்ப வாழ்க்கை.

அவருக்குக் கார் ஓட்ட வராது. கற்றுக்கொள்ளவும் ஆசையில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மெஷின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்கிற காது அவருக்கு. எஞ்சின் ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவார். சரியான நொடியில் "இப்ப" என்பார், நான் கியர் மாற்றுவேன். அவர் சொல்லி மாற்றினால் வெண்ணெய் மாதிரி விழும். கேன்டீனில் வடை போடுகிற நாளில் தன் பங்கைக் காகிதத்தில் சுற்றி எனக்காக எடுத்துவருவார். நான் ஓட்டிக்கொண்டே தின்பேன். வீட்டு வாடகை, கோவையில் படிக்கிற மகள், மேலதிகாரி மேல் எரிச்சல், எல்லாப் பேச்சும் அதற்குள்தான். கேட்டில் நிற்கிறவர்கள் "உங்க டிரைவரம்மா வந்துட்டாங்க, ஓடுங்க" என்று அவரைக் கிண்டல் செய்வார்கள். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "டிரைவரு கோவக்காரி, லேட்டா போனா வுட்டுட்டுப் போய்ருவா" என்று அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே வருவார்.

சரி, வேறு கார் பார்ப்போம் என்று முடிவானதும் நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். ஒரு செக் ஷீட் தயார் செய்தேன். எங்கள் வேலையில் கண்ணால் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்ல முடியாது. என்ன பார்க்க வேண்டும், எதனால் அளக்க வேண்டும், எவ்வளவு வரை விடலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வேண்டும். ஷீட்டில் இல்லாததை நாங்கள் பார்ப்பதில்லை. பார்த்து நிறுத்தினால் லைன் நிற்கும், திட்டு விழும். பதினெட்டு வருடமாக இப்படிப் பழகிய கை. எஞ்சின், கியர், பிரேக், டயர் தேய்மானம், கதவு இடைவெளி, பெயின்ட் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.

"ஏம்மா, வண்டி வாங்கப் போறியா, ரிஜெக்ட் பண்ணப் போறியா?" என்றார் அவர்.

"நீங்க சும்மா வாங்க. போன தடவ மாதிரி ஏமாற மாட்டன்."

விடுமுறை நாட்களில் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூருக்குள் போய்ப் பழைய கார் விற்கும் இடங்களாக ஏறி இறங்கினோம். முதலில் பார்த்தது ஒரு உயரமான பெரிய வண்டி. எஞ்சின் குறை சொல்ல முடியாதது, எல்லோரும் அதைத்தான் சிபாரிசு செய்தார்கள். எனக்கு அதைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை, பீரோவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. அவர் மட்டும் கதவைத் திறந்து, இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, இறங்கி, மறுபடி உட்கார்ந்து பார்த்தார்.

"இதுல உக்காந்து எந்திரிக்க சொகமா இருக்குதும்மா."

"உக்காந்து எந்திரிக்கத்தான் வண்டியா? அதுக்கு ஒரு கட்டில் வாங்கிக்கலாமே."

விற்பனைக்காரர் சிரித்துவிட்டார். என் கணவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவர் ஆசைப்பட்டு ஒன்றைச் சொல்வதே அபூர்வம், அதையும் நான் ஊரார் முன்னால் நக்கலடித்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே நான்கு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்புறம்தான் சிவப்புக் காரைப் பார்த்தேன். தாழ்வாக, அகலமாக, இரண்டே கதவோடு நின்றது. பின்னால் இரண்டு பேர் உட்காரலாம் என்று காகிதத்தில் மட்டும் எழுதியிருக்கிற வகை. சாவியைத் திருப்பியதும் அது போட்ட சத்தத்தில் எனக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது விற்பனைக்காரர் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார், என் கணவர் பின்னால் மடங்கி உட்கார்ந்தார். சர்வீஸ் ரோட்டில் ஒரு சுற்று, மேம்பாலத்தில் ஒரு சுற்று. வளைவில் அந்த வண்டி தரையை விடவில்லை. திரும்பி வந்து, ஃபீலர் கேஜை எடுத்துக் கதவு இடுக்கெல்லாம் விட்டு அளந்தேன். ஷீட்டில் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்தது.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"உனக்குப் புடிச்சா எடு."

எடுத்தேன். அந்த ஷீட் இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. ஓட்டுநர் இருக்கைக்கு ஏழு வரி எழுதியிருக்கிறேன். இடப்பக்க இருக்கைக்கு ஒரே வரி, "கிழிசல் இல்லை" என்று.

புதுக் கார் வந்த பிறகு எனக்கு வந்த முதல் இரண்டாம்-ஷிப்ட் வாரத்தில் அவர் வழக்கம்போல் ஏறி வந்தார். ஏறுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. புது வண்டி, பழகவில்லை என்று நினைத்தேன். வண்டிக்குள் அவர் பேச்சு குறைந்திருந்தது. "இப்ப" என்று சொல்ல மறந்துபோனார், நானே மாற்றிக்கொண்டேன். அடுத்த முறை அந்த வாரம் வந்தபோது, "நான் கம்பெனி பஸ்லயே வந்தர்றன். நீ எதுக்கு இவ்ளோ தூரம் சுத்திக்கினு வர?" என்றார்.

பத்து வருடமாக இல்லாத சுற்று திடீரென்று எங்கிருந்து வந்தது? எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இருந்தாலும் நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் இரவு அவர் எனக்காகத் தூங்காமல் காத்திருந்தார், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வெடித்துவிட்டேன்.

"பொண்டாட்டி செவப்புக் கார்ல வந்து எறங்கறது இப்பத்தான் வெக்கமா இருக்குதா? நான் ஓட்டறது உங்களுக்குப் பொறுக்கலன்னா நேரா சொல்லுங்க."

அவர் சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தார். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. பசங்க கூடப் பேசிக்கினு வரலாம்னுதான்" என்றார்.

"போங்க, அவுங்க கூடவே பேசுங்க" என்று எழுந்து போய்விட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டில்தான். பால் வாங்கியாச்சு. கேஸ் சொல்லியாச்சு.

எனக்கு விடுமுறையாக இருந்த ஒரு நாள் மதியம், மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே பேச்சில்லாமல் கார்க் கதவு மட்டும் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அவர், யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல், காரின் இடப்பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். கூரையைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போனார். பாதியில் நின்று எழுந்துவிட்டார். மறுபடி முயன்றார். இந்த முறை பொத்தென்று உள்ளே விழுந்தார். வலது காலை இரண்டு கையாலும் பேன்ட்டைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, அதேபோல் காலைத் தூக்கி வெளியே வைத்து, கதவைப் பிடித்து எம்பி எம்பி எழுந்தார். எழுந்ததும் நெற்றியைக் கார்க் கூரைமேல் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் அந்த வழியாக வந்தபோது இவர் கைக்குட்டையை எடுத்துக் கார்க் கண்ணாடி துடைப்பது போல் பாவனை செய்தார். அவர் போனதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

ஐயோ, என் கணவர் காரில் ஏறி உட்காரப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி மேலேயே நின்றேன். ஓடிப் போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. நான்கு நாள் முன்னால் என்ன வார்த்தை பேசினேன் என்பது நினைவுக்கு வந்து என்னை அங்கேயே கட்டிப்போட்டது. கீழே இறங்கிப் போனபோது அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தார்.

"அடுத்த லீவுல எங்கனா போலாமா? உன் கார்ல" என்றார்.

அப்போதாவது வேண்டாம் என்றிருக்கலாம். ஆசையாகக் கேட்கிறாரே, மறுத்தால் நான் பார்த்தது தெரிந்துவிடுமே என்று சரி என்றேன்.

குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனோம். அவர் காரில் ஏறியது ஒரே முயற்சியில். நான் பார்க்கிறேனா என்று ஓரக்கண்ணால் வேறு பார்த்துக்கொண்டார். சூளகிரி தாண்டி நல்ல ரோடு வந்ததும் "இப்ப" என்றார். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு! எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. சந்தைக்குப் பக்கத்தில் நிறுத்தி, நான் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்தேன். அவர் காலை வெளியே வைத்தார். எழவில்லை. மறுபடி எம்பினார், முகம் வெளுத்துப்போயிற்று. மாடு பிடித்துக்கொண்டு போன இரண்டு பேர் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிவிட்டு ஓடிவந்து, ஆளுக்கொரு தோளைப் பிடித்து, "மெல்லகா, மெல்லகா" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். "வண்டி சின்னதுண்ணா" என்றார் ஒருவர், நல்ல மனசோடுதான்.

"வண்டி நல்ல வண்டிப்பா. கால்தான் பழசு" என்றார் இவர்.

கிருஷ்ணகிரியில் எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு நாளாக வலி என்பது. "ரெண்டு வருசமா இருக்குதுங்க" என்றார். இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. சிவப்புக் கார் வந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார், வேலைக்கும் போகிறார். ஆனால் தாழ்ந்த இருக்கையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போய் வருவது பஸ்ஸில்தான். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் மதியம் இரண்டு மணிக்கு நான் இன்னும் வீட்டில்தான் இருக்கிறேன். அவர் பஸ் வந்து சேர்வதற்குள் நான் கிளம்ப வேண்டியிருக்கிறது. சில நாள் அந்த பஸ் எனக்கு எதிரே வரும். ஜன்னலோரம் இருந்தால் கையை ஆட்டுவார்.

காரைக் கொடுத்துவிட்டு வேறு பார்க்கலாம் என்று பத்து முறை சொல்லிவிட்டேன். "நீ ஆசப்பட்டு வாங்குனது. ஓட்டு" என்பதோடு முடித்துவிடுகிறார்.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில் கேட்டேவிட்டேன். "கார் எடுத்த அன்னைக்கு அங்கயே வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ அந்த வண்டியே வேண்டாம்னுருப்ப. எனக்குத் தெரியாதா உன்ன?"

அன்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து நின்றதும், பின் இருக்கையிலிருந்து அவர் எழ முடியாமல் முன் இருக்கையைப் பற்றிக்கொண்டு பல்லைக் கடித்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு விற்பனைக்காரர் பக்கம் திரும்பி, இன்னொரு சாவி இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஆமாங்க, வேண்டாம்னுதான் சொல்லிருப்பன்" என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, மாத்திரை போடத் தண்ணீர் கேட்டார்.