சுவருக்குள் எலி என்று சொன்ன அப்பா

டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் நவம்பர் மாதத்தில் நாலரைக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருப்பார். ஒடென்சேயில் படிக்கும் மகள் ரயிலேறி வருவாள். நானும் அவளும் பேய்ப்படம் பார்ப்போம். பார்ப்பதைவிட அதிகமாகச் சண்டை பிடிப்போம்.

நான் பழைய படங்களின் கட்சி. அந்தக் காலத்துப் பேய் ஒரு மணிநேரத்துக்கு முகத்தைக் காட்டாது. கொலுசுச் சத்தம் கேட்கும், கதவு தானாகத் திறக்கும், அவ்வளவுதான். மிருகம் வந்தால் அது கரடித்தோல் போர்த்த மனிதன் என்று எல்லோருக்கும் தெரியும். முதுகில் தையல்கூடத் தெரியும். ஆனாலும் அது வரும்வரை காத்திருந்த பயம் உண்மையான பயம். இப்போதோ பத்தாவது நிமிடத்திலேயே கணினியில் செய்த பிராணி பல்லையெல்லாம் காட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. காது கிழியச் சத்தம் போட்டுத் திடுக்கிட வைக்கிறார்கள். திடுக்கிடுவதெல்லாம் பயமா? சைக்கிள்காரன் பின்னால் மணியடித்தாலும் நான் திடுக்கிடத்தான் செய்வேன்.

"உங்கட பேய்க்கு ஒரு தேசிக்காய் காணும், அப்பா" என்பாள் மகள்; ஓர் எலுமிச்சம்பழத்துக்கே அது ஓடிவிடுமாம். புதிய படங்களில் பேய் வெளியிலிருந்து வருவதில்லையாம். வீட்டில் ஒருவர் எதையோ மறைப்பார், அது அங்கேயே கிடந்து வளருமாம். அதை விபூதி போட்டுத் துரத்த முடியாதாம். இதில் பாதியை டேனிஷில்தான் சொல்வாள். எனக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் அவள் சொல்வதில் விஷயம் இருந்தது.

ஒரு ஞாயிறு பார்த்த புதுப்படத்தில் ஒரு குடும்பம் காட்டோர வீட்டுக்குக் குடிவந்தது. சுவருக்குள் ஏதோ பிறாண்டியது. அது என்னவென்று அப்பாவுக்குத் தெரியும். பிள்ளைகளிடம் எலி என்று சொல்லிவிட்டார். அரைமணிநேரமாகியும் பிராணியைக் காட்டவில்லை, புதிய படத்துக்குப் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டேன். பாவம் அந்த மனிதன், பிள்ளைகள் பயப்படக்கூடாதென்று பார்க்கிறான் என்றும் சொன்னேன்.

"பாவமில்லை. பேய்க்காட்டுறார்" என்றாள்.

யாழ்ப்பாணத் தமிழில் அதற்கு ஏமாற்றுவது என்று பொருள். சின்ன வயதில் அதைப் பேய்ப்படம் போட்டுக்காட்டுவது என்று நினைத்து, எனக்குப் பேய்க்காட்டுங்கோ என்று கெஞ்சியவள் அவள். இப்போது சரியான பொருளில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கைப்பேசியில் நாலு நாளாக ஓர் ஆஸ்பத்திரிக் கடிதம் கிடந்தது. வழக்கமாக டேனிஷ் கடிதமெல்லாம் வாசித்துச் சொல்ல அவளிடம்தான் போகும். இதை மட்டும் நானே அகராதி பார்த்து வாசித்தேன். விடாத இருமலுக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயின் முடிவை வியாழக்கிழமை நேரில் சொல்வார்களாம். கீழே ஒரு வரி: நெருங்கிய உறவினர் ஒருவரைக் கூட்டிவருவது நல்லது. என் பெயரைப் பார்த்து, டேனிஷ் விளங்காத ஆள் என்று அப்படி எழுதியிருக்கிறார்கள் என முடிவு செய்தேன். ரோசம்கூட வந்தது. முப்பது வருடம் பொருட்கிடங்கில் டேனிஷ்காரரோடு மாரடித்தவன் நான்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லக் கேட்டுவைத்தேன். வேலையிடத்தில் ஒருவருக்கு இப்படிக் கடிதம் வந்திருக்கிறது, எங்கள் ஆள்தான், மொழிக்காகத்தானே உறவினரைக் கூப்பிடுகிறார்கள் என்று.

அவள் படத்தை நிறுத்தினாள். திரையில் அந்த அப்பா சுவரில் காதை வைத்தபடி அசையாமல் நின்றார்.

"அந்த ஆள் இருமுறவரோ?"

தேநீர்க் கோப்பையை எடுத்தேன், குடிக்காமலே திரும்ப வைத்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு டேனிஷ் சொல்கூடக் கலக்காமல் சொன்னாள்.

"மொழிக்கெண்டா அவையே மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வினம், அப்பா. கூட ஆள் வரச் சொல்லுறது, அவை சொல்லப்போறதைக் கேட்டுப்போட்டு நீங்கள் தனிய வீட்டை வரக்கூடாதெண்டு."